புறா பஸ்ஸில் வருவதில்லை

எங்கள் ஊரில் எந்த இரண்டு இடத்தைச் சொன்னாலும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். முப்பத்து நான்கு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவன் நான். கண்ணை மூடிக்கொண்டு என்பதைப் பேருந்து ஓட்டியதோடு சேர்த்துவிட வேண்டாம். அப்படி ஓட்டியது இரண்டே முறைதான், இரண்டும் தும்மல். நான் ஓட்டிய தூரத்தையெல்லாம் ஒரே கோடாக நீட்டினால் நிலாவுக்குப் போய்வந்து, மறுபடியும் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். என் மனைவி இதையும் விடாமல் கணக்குப் போட்டுப் பார்த்தாள். போய்வருவது சரிதான், டீக்கு நேரம் இருக்காது என்றாள்.

ஊரில் எனக்குக் கிலோமீட்டர் என்றே பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆகையால் நான் ஓய்வு பெற்ற மறுமாதமே புறாச் சங்கத்துக்காரர்கள் என்னைத் தேடி வந்ததில் ஆச்சரியம் இல்லை.

பெரிய சங்கங்கள் நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் புறாவை விடும். எங்களுடையது சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் சங்கம். மொத்தம் ஆறு பேர், ஆறு மாடி, ஆறு புறாக்கூண்டு. ஊருக்குத் தெற்கே ஒரு செங்கல் சூளை இருக்கிறது. ஆறு புறாவையும் அங்கே கொண்டுபோய் ஒரே நொடியில் திறந்து விடுவார்கள். ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குப் பறந்து வரும். சொந்தக்காரர் அதன் காலிலிருக்கும் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டிக்குள் போட்டால் நேரம் பதிவாகிவிடும். ஆனால் ஆறு வீடும் ஒரே தூரத்தில் இல்லையே. சூளைக்குப் பக்கத்தில் இருப்பவர் புறா முதலில் வருவதில் என்ன பெருமை? அதனால் தூரத்தை நிமிடத்தால் வகுப்பார்கள். நிமிடத்துக்கு அதிக மீட்டர் பறந்த புறாவுக்குக் கோப்பை. ஞாயிறுதோறும் பழக்கப் பறப்பு உண்டு, கோப்பைப் பந்தயம் மட்டும் வருடத்துக்கு ஒன்று.

அதற்குத்தான் சூளையிலிருந்து ஆறு வீட்டுக்கும் தூரம் தேவைப்பட்டது. ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் ஆறு தூரத்தையும் எழுதிக் கொடுத்தேன். ஒருவர்கூட மறுபேச்சுப் பேசவில்லை. கிலோமீட்டரே சொன்ன பிறகு கிலோமீட்டரை யார் சந்தேகப்படுவார்?

அதன்பிறகு ஏழு வருடம். ஐந்து கோப்பை சங்கத்துப் பல் டாக்டருக்கு. அவர் புறா பத்தொன்பது கிலோமீட்டரைப் பன்னிரண்டே நிமிடத்தில் தாண்டும். அது புறா இல்லை, இறகு முளைத்த பீரங்கிக் குண்டு என்று நான் டீக்கடை டீக்கடையாகப் போய்ப் பெருமையடித்தேன். அது பறந்து போன பாதையில் துணி காயப் போட்டால் ஐந்து நிமிடத்தில் உலர்ந்துவிடும் என்றும் சொன்னதுண்டு. கேட்டவர்கள் நம்பினார்கள் என்பது என் குற்றமில்லை.

ஏழு வருடமும் கடைசி இடம் யாருக்கு என்றால், என் மச்சினனுக்கு.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. தையல்காரன். கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே புறாக்கூண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், அளவெடுக்கவே நேரமில்லை என்பான். அவனுடைய பேச்சுத்துணை ஒரு பெட்டைப் புறா, பெயர் சாம்பல். நிறமும் அதுதான். காலையில் கடை திறக்கும் முன் மாடிக்குப் போய் அன்றைக்கு எத்தனை சட்டை, எத்தனை ஜாக்கெட் என்று அதனிடம் ஒப்பித்துவிட்டுத்தான் இறங்குவான். அது சம்மதிக்காத துணியை அவன் வெட்டியதே இல்லை என்று நான் சொல்வேன். அவனும் மறுத்ததில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவன்போல முகம்.

“மாமா, இந்த ஞாயித்துக்கிழமையோட சாம்பலை நிறுத்திக்கறேன்.”

“நிறுத்திட்டு?”

“பல் டாக்டரோட சொந்தக்காரர் ஒருத்தர் பெரிய கூண்டு வெச்சிருக்காராம். வலை போட்டது. நல்லா பாத்துப்பாராம்.”

“வலைக்குள்ள வெச்சா அது பறக்கறது எப்படிடா, மாப்ள?”

“பறந்தது போதும் மாமா. ஏழு வருஷம். அவளால முடியல. கடைசியா வர்றதுக்குன்னே ஒரு உயிரை இப்படி விரட்டணுமா? வெயில்ல வந்து இறங்கி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். நான் கடிகாரத்தைப் பாத்துட்டு உச்சுக் கொட்டுவேன். அது அவளுக்குக் கேக்காதா?”

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. அவளுக்குப் புறா என்றாலே ஆகாது. கொடியில் காயும் வெள்ளைத் துணியைப் பார்த்தால் புறாவுக்கு வயிறு கலக்கும் என்பது அவளுடைய நெடுநாள் ஆராய்ச்சி. ஆனால் தம்பி என்றால் வேறு கதை. அவன் போனதும் என் எதிரில் வந்து நின்றாள்.

“அந்தத் தூர நோட்டைக் கொஞ்சம் குடுங்க.”

என் மனைவி முப்பது வருடம் நகரமைப்பு அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் இருந்தவள். ஊரிலுள்ள எல்லாத் தெருவையும் நான் சக்கரத்தால் தேய்த்தேன் என்றால் அவள் பென்சிலால் தேய்த்தாள். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் விலகினால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. புறா வெறுப்பால் அதுவரை அந்த நோட்டைத் தொட்டதில்லை. இப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புரட்டினாள்.

“சாம்பல் வீட்டுக்கு வர எவ்ளோ நேரமாகும்?”

“பதினஞ்சு நிமிஷம். பதினாறு.”

“பதினேழு கிலோமீட்டரைப் பதினஞ்சு நிமிஷத்துலயா? அது மெதுவா?”

“டாக்டர் புறா பத்தொம்பதைப் பன்னெண்டுல வருமே.”

“டாக்டர் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே. பத்தொம்பது எப்படி வந்துச்சு?”

இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் நான் உயிரோடு இருக்கிறேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். “சூளையில ஒன்பதாம் நம்பர் ஏறினா நேரா மணிக்கூண்டு. அங்க இறங்கி இருபத்திரண்டு. பாலம் தாண்டி, வலது பக்கம் திரும்பி, கரையோட கீழ இறங்கி...”

அவள் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

“புறா மணிக்கூண்டுல இறங்கி வேற பஸ் மாறுதா?”

எனக்குள்ளே ஏதோ ஒன்று தடதடவென்று பள்ளத்தில் இறங்கிற்று. இருந்தாலும் சும்மா விட்டுவிட முடியுமா?

“புறாவெல்லாம் ரோட்டைப் பாத்துத்தான் பறக்கும்.”

“பாலத்துல டிக்கெட்டும் எடுக்குமா?” என்று கேட்டுவிட்டுக் கட்டம் போட்ட பெரிய தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள்.

நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். அது மணிக்கூண்டு, சைபர். அங்கிருந்து குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். வலது பக்கமும் மேல் பக்கமும் கூட்டல், இடது பக்கமும் கீழ்ப் பக்கமும் கழித்தல். அலுவலகத்தில் ஊர் வரைபடம் முழுக்க அப்படித்தானாம். சூளை இடதுபக்கம் ஐந்து, கீழே ஒன்பது. இரண்டுக்கும் முன்னால் கழித்தல் குறி போட்டாள். மச்சினன் வீடு வலதுபக்கம் மூன்று, மேலே ஆறு.

“குறுக்கே எத்தனை கட்டம், நெடுக்கே எத்தனை கட்டம்னு பாக்கணும். ரெண்டையும் அதுஅதாலயே பெருக்கிக் கூட்டணும். எந்த நம்பரை அதே நம்பரால பெருக்கினா அந்தக் கூட்டுத்தொகை வருதோ, அதுதான் நேர்த்தூரம். புறா போற கோடு.”

“இவ்ளோதானா? குடு இங்க,” என்று பென்சிலைப் பிடுங்கினேன். “அஞ்சுக்கும் மூணுக்கும் வித்தியாசம் ரெண்டு. ஒன்பதுக்கும் ஆறுக்கும் மூணு. நாலும் ஒன்பதும் பதிமூணு. எதை எதால பெருக்கினா பதிமூணு? மூணரைக்குக் கொஞ்சம் மேல.” பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா, உன் தம்பி வீடு சூளையிலிருந்து மூணரை கிலோமீட்டர். இதுக்கா அந்தப் புறா பதினஞ்சு நிமிஷம் எடுக்குது? நான் நடந்தே போயிருப்பேன்.”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

“மூணரை கிலோமீட்டருக்கா முப்பத்து நாலு வருஷம் முக்கால் மணி நேரம் பஸ் ஓட்டுனீங்க?”

பென்சில் என் கையிலேயே நின்றுவிட்டது. ஒன்பதாம் நம்பரில் மனதுக்குள் ஏறி உட்கார்ந்தேன். மணிக்கூண்டுக்கு முன்னால் ஐந்தாவது நிறுத்தத்தில் ஒருவர் ஏறுகிறார். மணிக்கூண்டு தாண்டி மூன்றாவது நிறுத்தத்தில் இறங்குகிறார். எத்தனை நிறுத்தம் வந்தார்? இரண்டு என்று சொன்னால் என் கண்டக்டர் என்னை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டிருப்பார்.

“எட்டு,” என்றேன். “சைபருக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னா ரெண்டையும் கூட்டணும். அந்தக் கழித்தல் குறியை நான் கண்டுக்கவே இல்ல.”

“நெடுக்கே?”

“ஒன்பதும் ஆறும் பதினஞ்சு.”

எட்டெட்டு அறுபத்து நான்கு. பதினைந்து பதினைந்து இருநூற்று இருபத்தைந்து. இரண்டும் சேர்ந்து இருநூற்று எண்பத்தொன்பது. அது பதினேழும் பதினேழும் பெருக்கிய தொகை. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். என் நோட்டிலும் பதினேழு. புள்ளி பிசகவில்லை. சூளையிலிருந்து மணிக்கூண்டு வழியாக மச்சினன் தெருவரைக்கும் போகிற நெடுஞ்சாலை அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல இருக்கும். ஒன்பதாம் நம்பர் பஸ்ஸும் சாம்பல் புறாவும் ஒரே வழியில்தான் வருகிறார்கள்.

“டாக்டர் வீட்டையும் போடுங்க,” என்றாள் அவள்.

டாக்டர் வீடு வலதுபக்கம் ஏழு, கீழே நான்கு. குறுக்கே ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. நெடுக்கே சூளையும் அவர் வீடும் இரண்டுமே மணிக்கூண்டுக்குக் கீழே, ஆகவே இங்கே கழித்தால் போதும், ஐந்து. நூற்று நாற்பத்து நான்கோடு இருபத்தைந்து, நூற்று அறுபத்தொன்பது. பதிமூன்று.

என் நோட்டில் பத்தொன்பது.

சங்கத்தில் இன்னொருவரான ரொட்டிக்கடை அக்கா வீடு நேராகப் பார்த்தால் பத்து. சந்தையைச் சுற்றி ஒருவழிப் பாதை என்பதால் நான் பதிமூன்று எழுதியிருந்தேன். மற்ற மூவருக்கும் நாலும் ஐந்துமாகக் கூடுதல். ஆற்றைத் தாண்ட ஒரே பாலம் இருக்கிற ஊரில் அத்தனை பேருக்கும் நான் கிலோமீட்டர்களை அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறேன். அவரவர் புறா பறக்காத தூரத்தையெல்லாம் பறந்ததாக எழுதியிருக்கிறேன். ஊரில் ஒரே ஒருவனுக்கு மட்டும் ஒரு மீட்டர்கூடக் கூட்டிக் கொடுக்கவில்லை. அவன் என் சொந்த மச்சினன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அவன்கிட்ட சொல்லிடுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். ஆனால் முப்பத்து நான்கு வருடப் பெயர் குறுக்கே வந்து நின்றது. தூரத்தில் தப்புச் செய்த கிலோமீட்டருக்கு அதன்பிறகு என்ன பெயர் வைப்பார்கள்? அதனால் கொஞ்சம் சுற்றுவழியாகப் போய்ப் பார்த்தேன். சுற்றுவழி எனக்குப் பழக்கம்தானே.

“மாப்ள, இன்னும் ஒரு வருஷம் பாக்கலாமே. சாம்பலுக்கு இப்பதான் இறக்கை பழகிட்டு வருது.”

அவன் தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுக்கவில்லை. “ஏழு வயசுல பழகுதா?”

“சில பேருக்கு அப்படித்தான். எனக்குப் பின்பக்கமா வண்டி எடுக்கப் பன்னெண்டு வருஷம் ஆச்சு.”

“வேண்டாம் மாமா. நீங்க இரக்கப்பட்டுச் சொல்றீங்க. நீங்க கையால எழுதுன கணக்கு ஏழு வருஷமா பொய்யா சொல்லும்?”

ஊசி குத்தினால்கூட அப்படிக் குத்தாது. அந்தக் கடையில் ஊசிக்கும் பஞ்சமில்லை. வீட்டுக்குத் திரும்பி, நோட்டையும் கட்டத் தாளையும் எடுத்துக்கொண்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். மாலைவரைக்கும் இரண்டு பேரும் ஏழு வருடத்தையும் திருத்தினோம். நான் நேரத்தை வாசித்தேன், அவள் வகுத்தாள். இடையில் ஒருமுறை அவள் பென்சிலை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது வருடத்துப் பக்கம் அது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சூளையில் புறாக்களைத் திறந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு ஆறு பேரும் அவரவர் கடிகாரப் பெட்டியோடு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கூடினார்கள். சங்கத்துக்கு அதுதான் கூட்ட அரங்கம். சுவர் முழுக்கச் சொத்தைப் பல் படம். முதன்முறையாக என் மனைவியும் வந்து, ஈறு வீங்கிய ஒரு படத்தின் கீழே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஈறைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ஈறைப் பார்த்தாள்.

டாக்டர் பெட்டிகளைத் திறந்து நேரம் படித்தார். அவர் புறா பன்னிரண்டு நிமிடம். ரொட்டிக்கடை அக்கா புறா எட்டே முக்கால். சாம்பல் சரியாகப் பதினைந்து.

“கிலோமீட்டர் சார், வகுத்துச் சொல்லுங்க,” என்றார்.

அதற்குள் மச்சினன் எழுந்துவிட்டான். “எனக்கு எதுக்கு டாக்டர் கணக்கு? உங்க சொந்தக்காரரை மத்தியானம் வரச் சொல்லிடுங்க. நான் அவளைத் தயார் பண்ணி வெக்கறேன்.”

தயார் பண்ணி என்ற அந்தச் சொல்லில் அவன் குரல் உடைந்தது. அதற்கு மேல் என் பெயராவது, மண்ணாவது.

“உக்காருடா,” என்றேன். “தூரம் தப்பு.”

“யாரோட தூரம்?” என்றார் டாக்டர்.

நான் மச்சினனைப் பார்த்தே சொன்னேன்: “உன்னோடதைத் தவிர எல்லாரோடதும், மாப்ள. நான் பஸ் போற தூரத்தை எழுதிட்டேன். ஏழு வருஷமா. டாக்டர் வீட்டுக்குப் பத்தொம்பதுன்னு போட்டேன், நேரா பறந்தா பதிமூணுதான். உன் வீட்டுக்கு ரோடே நேரா இருக்கு. அதனால உனக்கு மட்டும் கூடல.”

என் மனைவி கைப்பையிலிருந்து தாளை எடுத்து நடு மேசையில் விரித்தாள். ஆறு பேரும் குனிந்தார்கள். மணிக்கூண்டு, சூளை, ஆறு புள்ளி, ஆறு சாய்ந்த கோடு. ரொட்டிக்கடை அக்கா தன் கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார்.

“இதை ஏழு வருஷமா நாம ஏன் யாருமே கேக்கல?”

“கிலோமீட்டரைப் போய் யாரு கேப்பாங்க?” என்றார் டாக்டர். பிறகு மெல்ல, “அப்போ என் புறா மணிக்குத் தொண்ணூத்தஞ்சு கிலோமீட்டர் பறக்கறது...”

“அறுபத்தஞ்சு டாக்டர்.”

“ஒரு பேஷண்ட் விடாம சொல்லியிருக்கேனே.” நெற்றியைத் தட்டிக்கொண்டார். “எல்லாரும் வாயைத் திறந்துட்டு இருக்கும்போதுதான் சொன்னேன். யாராலயும் மறுக்க முடியல.” சிரிக்க ஆரம்பித்தவர், அலமாரியிலிருந்த கோப்பையைத் தானே எடுத்து வந்து மேசையில் வைத்தார். நல்ல மனிதர். அவர் ஏழு வருடத்தில் பிடுங்கிய தப்பான பல்லையெல்லாம் நான் அந்த நிமிடமே மன்னித்தேன்.

மனைவி வகுத்தாள். ரொட்டிக்கடை அக்கா புறா நிமிடத்துக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்துமூன்று மீட்டர், கோப்பை அதற்கு. சாம்பல் ஆயிரத்து நூற்று முப்பத்துமூன்று. டாக்டர் புறா அதற்கும் பின்னால்.

“தம்பி, ரெண்டாவது,” என்றாள்.

அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். “பழசெல்லாம்?”

“திருத்திட்டோம்டா,” என்றேன். “ஏழு வருஷத்துல ரெண்டு தடவை முதல். மூணு தடவை ரெண்டாவது. ரெண்டு தடவை மூணாவது. கடைசி ஒரு தடவைகூட இல்ல.”

“எந்த வருஷம் முதல்?”

“மூணாவதும் அஞ்சாவதும்.”

மச்சினன் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

“மூணாவது வருஷம் அவகூட ஒரு வாரம் பேசவே இல்ல மாமா நான். தீனி வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம இறங்கிடுவேன்.”

டாக்டர் சுவரிலிருந்த பல்லைப் பார்த்தார்.

“என் தப்புடா,” என்றேன். “என்னை மன்னிச்சுடு.”

“என்கிட்ட எதுக்கு மாமா? அவகிட்ட சொல்லுங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. எழுந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு அவன் வீட்டு மொட்டைமாடியில் கூடிய கூட்டம் நான் ஓட்டிய எந்தப் பேருந்திலும் ஏறியதில்லை. சங்கம் ஆறு பேர், என் மனைவி, கீழே சட்டை வாங்க வந்து சத்தம் கேட்டு மேலே வந்த இரண்டு வாடிக்கையாளர்கள். ஒன்பது பேர் என்றால் ஒன்பதாயிரம் பேர் மாதிரி. என் மனைவி முன்னெச்சரிக்கையாகக் குடையை விரித்துக்கொண்டாள். நான் கூண்டின் முன்னால் போய்த் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினேன்.

சாம்பல் கம்பின் மேல் உட்கார்ந்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.

“அம்மா,” என்று ஆரம்பித்தேன். பின்னால் யாரோ இருமினார்கள். “நீ பதினேழு கிலோமீட்டர் பறந்தே. பதினேழுன்னுதான் எழுதுனேன். ஆனா பதிமூணு பறந்தவனுக்குப் பத்தொம்பதுன்னு எழுதிட்டேன். நீ மெதுவில்லை. நான்தான் பஸ்ஸை விட்டு இறங்கல.”

சாம்பல் திரும்பி, வாலை என் பக்கம் வைத்துக்கொண்டு தானியத்தைக் கொத்தியது.

“என்ன சொல்றா?” என்று கேட்டார் ரொட்டிக்கடை அக்கா.

“யோசிக்கறா,” என்றான் மச்சினன். கூண்டுக்குள் கையை விட்டு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். அது கொத்துவதை நிறுத்தி, கழுத்தை உள்ளே இழுத்து, அவன் விரலுக்குள் உடம்பை உப்ப விட்டுக்கொண்டது. அவன் அதனிடம் என்னவோ முணுமுணுத்தான். தையல் கணக்கு இல்லை, வேறு ஏதோ. நாங்கள் எல்லோரும் கேட்காத மாதிரி வானத்தைப் பார்த்தோம். என் மனைவி மட்டும் குடையை மடக்கிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

அப்போது டாக்டரின் கைபேசி அடித்தது. மத்தியானம் வரவேண்டிய சொந்தக்காரர். மச்சினன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.

“வர வேண்டாங்க. இல்லைங்க, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல.” அந்தப் பக்கம் என்ன காரணம் என்று கேட்டிருக்க வேண்டும். இன்னொரு கையைக் கூண்டிலிருந்து எடுக்காமலே அவன் சொன்னான்.

“அவளுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வேலை இருக்கு.”